எட்டு இலக்கம் வரை பேசலாம்

மார்ச் 6, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எல்லாத் தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டு, ஆய்வகத்தில் என் நாற்காலியை இடம் மாற்றுவது என்று இன்று காலை முடிவெடுக்கப்பட்டது. எல்லாத் தரப்பும் என்றால் நானும் என் கழுத்தும். ஏசிக் காற்று நேராக இடது தோளில் இறங்குகிறது. மூன்று ஆண்டுகளாகப் பொறுத்துப் பார்த்தாகிவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாற்காலி, மேசை, மேசை விளக்கு ஆகிய மூவரும் லேசர் மேசையின் மறுபக்கம் குடிபெயர்ந்தனர்.

குடிபெயர்ந்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. புது இடத்திலிருந்து கேஜின் எண் கண்ணில் படவில்லை. ஹைட்ரஜன் அணுக்கள் பாயும் எஃகுப் பாத்திரத்துக்குள் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று காட்டுவது இந்த கேஜ். அதன் உள்ளே ஒரு சின்ன இழை பல்பைப்போல எரிந்துகொண்டிருக்கும். பாத்திரம் போதுமான அளவு காலியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. வேறு வீடுகளில் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பார்களே, அந்த வகை.

எங்கள் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். சட்டைப்பையில் எந்நேரமும் நட்டும் போல்ட்டும் குலுங்குவதால் அவருக்குப் பெயரே நட்டு.

“திரையைக் கொண்டுவர வயர் எட்டாது மேடம். ஆனா இந்தப் பக்கம் ஒரு துளை சும்மாதான் கிடக்கு. எப்படியும் பம்ப் ஆஃப்ல இருக்கு. கேஜையே தூக்கி இங்க மாட்டிடவா?”

“மாட்டிடுங்க அண்ணே.”

மாட்டிவிட்டார். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே வெறுமையைக் கண்காணிக்கலாம்.

மார்ச் 7

கழுத்து வலி இல்லை. சீர்திருத்தம் பலனளிக்கிறது.

மார்ச் 19

பம்ப்புகள் இரண்டு வாரமாக இழுத்ததில் பாத்திரம் காலியாகிவிட்டது. நாளை அளவு தொடங்குகிறது. ஆகவே வீட்டில் இன்று முதல் சட்டம் அமலுக்கு வருகிறது.

பின்னாளில் எனக்கே மறந்துபோகலாம் என்பதால் சட்டத்தை எழுதி வைக்கிறேன். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏற எந்த நிற ஒளி வேண்டும், அதாவது ஒளியின் அதிர்வெண் எவ்வளவு என்பதை நான் லேசரை வைத்து அளக்கிறேன். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை என் கணவர் தாளை வைத்துக் கணக்கிடுகிறார். பென்சிலும் ரப்பரும்தான் அவருடைய ஆய்வகம். என் எண் அவருக்குத் தெரிந்தால் அவர் கணக்கு அந்தப் பக்கம் சாயும். அவர் எண் எனக்குத் தெரிந்தால் என் கை சாயும். மனிதர்கள்தானே. அதனால் இருவரும் முடிக்கும்வரை வீட்டில் முதல் எட்டு இலக்கம் வரைதான் பேசலாம். அது கல்லூரிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒன்பதாவது இலக்கத்தைத் தொட்டவர் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்துபோக வேண்டும்.

அத்தை, அதாவது அவருடைய அம்மா, இந்தச் சட்டத்தை வரவேற்றார். “எல்லா வீட்டுலயும் இப்படி ஒண்ணு போட்டா நல்லாத்தான் இருக்கும்.”

ஏப்ரல் 4

லேசர் ஒழுங்காக இருந்தது. தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5

லேசர் பழைய குணத்துக்குத் திரும்பியது.

ஏப்ரல் 27

இரவு சாப்பாட்டின்போது இவர் ஏதோ யோசனையில், “அந்த ரெண்டாவது சுழல் உறுப்பு கடைசியா ஒரு…” என்று தொடங்கினார். எட்டு இலக்கத்துக்கு அப்பாற்பட்ட சங்கதி. தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தார். யாரும் சொல்லவில்லை. அவராகவே போனார்.

நல்ல மனிதர். இதை இங்கே எழுதுவதில் தவறில்லை. அவர் இதைப் படிப்பதில்லை.

மே 22

அளவு முடிந்தது. பிழைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். அணுக்களின் வேகம், லேசரின் வெளிச்சம், காந்தப்புலம், அறையின் வெப்பம். ஒவ்வொன்றும் என் கோட்டை, அதாவது நான் அளக்கும் அதிர்வெண்ணை, எவ்வளவு நகர்த்தும் என்று பார்த்து எழுத வேண்டும். “மின்புலம்: பிப்ரவரியில் அளந்தது, புறக்கணிக்கத்தக்கது.” டிக்.

ஜூன் 12

எண்களைத் திறந்தோம்.

துறைத் தலைவரின் அறை. கரும்பலகையின் இடது பாதியில் நான், வலது பாதியில் என் கணவர், நடுவில் தலைவர் துணித் திரைபோல நிற்கிறார். ஒரே நேரத்தில் இலக்கம் இலக்கமாக எழுதினோம். ஒவ்வொன்றையும் தலைவர் உரக்கப் படித்தார். ஏலக்கடை மாதிரி இருந்தது. எட்டு வரை ஒத்துவந்தது, அதில் வியப்பில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. இவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பன்னிரண்டாவதில் நான் ஏழு. அவர் நான்கு.

வித்தியாசம் மூன்று கிலோஹெர்ட்ஸ். என் பிழை எல்லை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை; அவருடையது இன்னும் சின்னது. இரண்டு எண்ணும் ஒரே உலகத்தில் இருக்க முடியாது.

தலைவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம். “உடைஞ்சிருச்சா?” என்றார். குவாண்டம் மின்னியக்கவியலைக் கேட்கிறார். மனிதர்கள் உருவாக்கிய கோட்பாடுகளிலேயே மிகத் துல்லியமானது என்று பெயர் வாங்கியது அது. அதை அவருடைய துறையில், அவருடைய பதவிக்காலத்தில் உடைத்தால் நல்லதுதானே.

இவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “என் பக்கம் பாக்குறேன்” என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 13

அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன வித்தியாசம்?”

“மூவாயிரம் அத்தை.”

“எதுல மூவாயிரம்?”

“எழுநூத்தி எழுபது லட்சம் கோடியில.”

“இவ்வளவு பொருத்தம் பாத்திருந்தா எனக்கும் உங்க மாமாவுக்கும் கல்யாணமே ஆகியிருக்காது.”

ஜூன் 21

எதற்காக இத்தனை கலக்கம் என்று எனக்கே ஒருமுறை தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

எலக்ட்ரான் சும்மா இருக்கும் பிராணி அல்ல. ஒன்றுமில்லாத வெளியிலும் தன் ஒளியைத் தானே உமிழ்ந்து தானே விழுங்கிக்கொண்டு நடுங்குகிறது. அந்த நடுக்கம் நான் அளக்கும் கோட்டை ஒரு மயிரிழை நகர்த்துகிறது. அந்த மயிரிழையின் இரண்டாம் திருத்தத்தைத்தான் என் கணவர் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கிட்டார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதே அதன் நடுவில்தான். உலகத்தில் மூன்று ஆய்வகங்கள் அவருடைய அந்த ஓர் எண்ணை எடுத்துத் தங்கள் கணக்கில் போட்டிருக்கின்றன.

நான் சரியென்றால் இரண்டில் ஒன்று. இயற்கை நமக்குத் தெரியாத ஏதோ செய்கிறது. அல்லது அவருடைய ஒன்பது ஆண்டும் தப்பு. தலைவர் முதலாவதை நம்புகிறார். என் கணவர் இரண்டாவதை நம்பத் தொடங்கிவிட்டார்.

எனக்குக் கிடைக்கப்போகும் புகழ் என் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்படுகிறது. வசதிதான்.

ஜூன் 30

இவர் பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். முன்பு குளியலறையிலிருந்து சுருதி சேராத ஏதாவது கேட்கும். நிறுத்தச் சொல்லி நான் கேட்ட நாட்கள் உண்டு.

மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து போடுகிறார். ஒன்பது ஆண்டு வேலையைச் சில வாரங்களில். பென்சில் சீவிய சுருள்கள் தலையணைக்கு அடியில்கூட இருக்கின்றன. எந்தத் தப்பும் கிடைக்கவில்லையாம். தப்பு கிடைக்காததால் தப்பு பெரிதாக இருக்கும் என்கிறார்.

“உன் அளவுல எனக்குச் சந்தேகம் இல்ல” என்றார் காலையில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. “நீ அடுப்பையே மூணு தடவை பாக்குற ஆளு.”

இப்படி ஒரு நம்பிக்கையை யாரும் யார்மேலும் வைக்கக் கூடாது.

ஜூலை 3

மறுபடி அளக்கப்போகிறேன். ஏதோ ஓர் ஐயம் என்று தலைவரிடம் சொன்னேன். எங்கள் வித்தியாசத்தைப் பற்றித் தான் ஆற்றப்போகும் பேருரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தார். “உறுதிப்படுத்தத்தானே?” என்றார். ஆமாம் சார், உறுதிப்படுத்தத்தான்.

ஜூலை 6

அதே எண். ஏழு.

ஜூலை 7

ஏழு.

ஜூலை 9, ஞாயிறு

இவர் முடிவெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்த மூன்று ஆய்வகங்களுக்கும் எழுதப்போகிறார்: என் எண்ணைப் பயன்படுத்த வேண்டாம், திரும்பப் பெறுகிறேன்.

“தப்பு எங்கன்னே தெரியாம எப்படித் திரும்ப வாங்குவீங்க?” என்றேன்.

“தெரியலன்னுதான் எழுதப்போறேன். அவங்க என்னை நம்பி மேல மேல கட்டிக்கிட்டு இருக்காங்க. அடியில விரிசல் இருக்கலாம்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது நல்லாவா இருக்கு?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. பாடம் எடுப்பேன். முதலாண்டுப் பசங்களுக்கு நல்லா வரும் எனக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏன் — ஏன் நான் ஒழுங்காக அளந்து தொலைத்தேன்? கொஞ்சம் ஏனோதானோவென்று அளந்திருக்கக் கூடாதா, மற்ற எல்லாரையும்போல பெரிய பிழை எல்லை போட்டு?

மேலே எழுதியதை அடிக்க வேண்டும். அடிக்க மனமில்லை.

ஜூலை 13, வியாழன்

கேஜ் செத்துப்போனது. காலையில் லேசர் ஒழுங்காக வந்த அரிய நாளில், எண் காட்டும் திரையில் மூன்று கோடுகள் மட்டும். உள்ளே இழை அறுந்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் எரிந்த இழை. நட்டு எட்டிப் பார்த்து, “போயிடுச்சு மேடம்” என்று மருத்துவமனைக் குரலில் சொன்னார். புது இழை திங்கட்கிழமைதான் கிடைக்கும்.

பாத்திரம் எவ்வளவு காலி என்று தெரியாமல் அளப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பதுபோல. ஆனால் பம்ப் இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்தால் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. லேசரோ என்றைக்காவது வரும் விருந்தாளி. வந்தபோது திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அளந்தேன்.

நான்கு.

இன்னொரு முறை. நான்கு. சாயங்காலம்வரை நான்கு, நான்கு, நான்கு.

முதலில் தோன்றியது மகிழ்ச்சி இல்லை. சந்தேகம். எனக்கு என்ன எண் வேண்டுமோ அதுவே வருகிறது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பார்த்து வருகிறது. இப்படிப்பட்ட எண்ணை வேறு யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மாறியது என்ன? ஒன்றே ஒன்று. இழை எரியவில்லை.

எரியும்போது அந்த இழை எலக்ட்ரான்களைத் துப்பும். அதுதான் அதன் தொழில்; துப்பிய எலக்ட்ரான்கள் மிச்சக் காற்றில் மோதுவதை வைத்துத்தான் காற்றை எண்ணுகிறது. பாத்திரக் குழாயின் வளைவுக்கு அந்தப் பக்கம், பழைய இடத்தில் இருந்தவரை துப்பியது என் அணுக்களை எட்டவில்லை. இப்போது இருப்பது அணுக்களுக்கு நேர் எதிரே. எலக்ட்ரான்கள் சுவரில் படிந்தால் மின்புலம் வரும். மின்புலம் வந்தால் கோடு நகரும்.

மின்புலம் பிப்ரவரியில் அளந்தது. நாற்காலியை மாற்றியது மார்ச்சில்.

ஜூலை 14, வெள்ளி

காலையில் இவர் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மடல் எழுதி முடித்தாகிவிட்டது. ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான். எழுத்துப் பிழை பார்க்கிறாராம்.

சொல்லிவிடலாமா? ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டா? சொல்லி, திங்கட்கிழமை அது பொய் என்று ஆகிவிட்டால்? இரண்டாம் முறை அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

“இதைச் செவ்வாய்க்கிழமை அனுப்புறீங்களா?” என்றேன்.

“ஏன்?”

மேசையில் கிடந்த பென்சில் சுருள்களைக் கூட்டி அள்ளினேன்.

அவர் என்னைப் பார்த்தார். “எத்தனாவது இலக்கத்துக் காரணம்?”

“எட்டுக்கு மேல.”

“சரி” என்று மடிக்கணினியை மூடிவிட்டார். அத்தை காப்பியை வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் சண்டையா?” என்றார். “இல்லம்மா, சட்டம்” என்றார் இவர்.

ஜூலை 17, திங்கள்

புது இழை வந்தது. பூ வைத்த பானையைத் தூக்குவதுபோல நட்டு தூக்கிவந்து மாட்டினார். பாத்திரத்தைத் திறக்கத் தேவையில்லாதபடி நடுவில் ஓர் அடைப்பான் இருந்தது. வாழ்க்கையில் சில ஏற்பாடுகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு நட்டுக்கு வேலை கொடுத்தேன். கேஜின் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பியாகிவிட்டது. நானும் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வோர் அளவுக்கும் முன்னால் அவர் காசைச் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் இழையை எரிய விட வேண்டும், பூ விழுந்தால் அணைக்க வேண்டும். எதுவென்று என்னிடம் சொல்லக் கூடாது, அவரே குறித்துக்கொள்ள வேண்டும்.

“இதுக்கா மேடம் இவ்வளவு படிச்சீங்க?”

“இதுக்குத்தான் அண்ணே.”

“காசு கீழ விழுந்து உருண்டு போயிடுச்சுன்னா?”

“தேடி எடுங்க.”

இரண்டு முறை உருண்டு போனது. ஒருமுறை லேசர் மேசைக்கு அடியில்; அவர் எழுந்தபோது தலை இடித்ததில் லேசர் மனம் உடைந்து அரை மணி நேரம் பேசவில்லை. ஐந்து மணிக்கு அவருடைய குறிப்பையும் என் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

எரிந்தபோதெல்லாம் ஏழு. அணைந்தபோதெல்லாம் நான்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை. சந்தேகத்துக்கு இழையை இன்னும் பலமாக எரிய விட்டுப் பார்த்தோம். ஏழு பத்தைத் தாண்டி ஓடியது.

என் பாத்திரம் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், அதை நானே நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பு செய்தவள் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நட்டு என்னைப் பார்த்து, “நல்லதா கெட்டதா மேடம்?” என்றார். நல்லது அண்ணே, ரொம்ப நல்லது, எல்லாம் என் தப்புதான் என்றேன். அவருக்கு என் தலையிலும் ஏதோ இடித்துவிட்டதோ என்று கவலை.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். “உங்க எண் சரி. கேஜுதான். நான்தான்.”

இவர் பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு, “எந்தப் பக்கம் மாட்டியிருந்தே?” என்றார். படம் வரைந்து காட்டினேன். பார்த்தார். “நேர் எதிரயா?” “நேர் எதிர.” “ஓ” என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்ட வாழ்க்கையில் இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு கணவனுக்குக் கிடைக்காது, வீணாக்கிவிட்டார்.

அத்தை எட்டிப் பார்த்தார். “யார் தப்பாம்?”

“நான்தான் அத்தை.”

“அப்பாடா. சாப்பிட வாங்க.”

“அது என்ன அப்பாடா?”

“உனக்குத் தப்பு பண்ணா தாங்கும். அவனுக்குத் தாங்காது. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்.”

இவர் எட்டரை மணிக்கே தூங்கிவிட்டார். விளக்கைக்கூட அணைக்கவில்லை.

ஜூலை 18

தலைவரிடம் சொன்னேன். பேருரையின் தலைப்பு ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்: “அறிந்த இயற்பியலின் எல்லைக்கு அப்பால்.”

“கேஜா?” என்றார்.

“கேஜு சார்.”

“வேற மாதிரி சொல்ல முடியாதா?”

“வெற்றிடத்தை அளந்ததால வெற்றிடம் கெட்டுச்சுன்னு சொல்லலாம் சார்.”

அவர் அதைத் தன் காகிதத்தில் குறித்துக்கொண்டார். தத்துவம்போல இருப்பதாக அவருக்கு ஒரு நிம்மதி. கோட்பாடு உடையவில்லை என்பதில் அவருக்குத் துக்கம் இருந்தாலும், மூன்று மாதம் கழித்து வேறு யாராவது நம் கேஜைக் கண்டுபிடித்து நம்மைப் பார்த்துச் சிரிக்காமல் தப்பித்தோமே என்றேன். அது அவருக்குப் புரிந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஜூலை 21

குளியலறையிலிருந்து பாட்டு. சுருதி இன்னும் சேரவில்லை. நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8

கேஜைக் கழற்றிவிட்டு முழு அளவையும் மறுபடி எடுக்கிறோம். மின்புலத்தை இந்த முறை ஒவ்வொரு வாரமும் அளக்கிறேன். எட்டு இலக்கச் சட்டம் மீண்டும் அமலில். எண் எல்லாருக்கும் தெரிந்த பிறகு எதற்கு என்று அத்தை கேட்டார். பழகிவிட்டது என்றார் இவர்.

செப்டம்பர் 4, திங்கள்

கட்டுரை அனுப்பியாயிற்று. அளவும் கணக்கும் பன்னிரண்டாவது இலக்கத்திலும் ஒத்துப்போகின்றன. பதின்மூன்றில் இருவருக்குமே சொல்ல ஒன்றுமில்லை. இவருடைய மடல் மடிக்கணினியில் அனுப்பப்படாமலே கிடக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லையாம்.

நட்டு காலையில் கேஜை வளைவுக்கு அந்தப் பக்கம், பழைய துளையில் மாட்டிவிட்டார். வயர் பழைய நீளம்தான். அதனால் நாற்காலி, மேசை, மேசை விளக்கு மூன்றும் பழைய இடத்துக்கே போய்விட்டன.

கழுத்து வலிக்கிறது.